பாஸ்டர் ஜேம்ஸ் லாசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஜேம்ஸ் லாசன்?

அமெரிக்காவின் மெதடிஸ்ட் பாஸ்டர். 1928 செப்டம்பர் 22 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் யூனியன்டவுனில் பிறந்து, ஒஹையோவின் மாசிலன் என்ற ஊரில் வளர்ந்தவர். 2024 ஜூன் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸில் 95 வயதில் காலமானார். கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்தில் அவர் எடுத்துக்கொண்ட வேலை, ஆட்களைத் தயார் செய்வது. அடி விழும்போது என்ன செய்ய வேண்டும், கைதானால் யாருக்குத் தகவல் போக வேண்டும், கடைக்குள் எந்த நேரத்தில் எத்தனை பேர் நுழைய வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் நம்மிடையே பரவவில்லை. பயிற்சி நடந்த இடங்களில் கேமராக்கள் அதிகம் இல்லாததும் ஒரு காரணம்.

அகிம்சை அவருக்கு இயல்பிலேயே வந்ததா?

இல்லை. அப்பாவும் பாஸ்டர்தான், ஆனால் இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்த பாஸ்டர். அம்மா ஜமைக்காவிலிருந்து வந்தவர். கைநீட்டுவதை அறவே ஒப்பாதவர். லாசன் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் அம்மா ஏதோ வேலையாக வெளியே அனுப்பினார். வழியில் நின்ற காருக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரக் குழந்தை இனத்தை இழிக்கும் வசையைச் சொல்லிக் கத்தியது. இவர் நேரே போய் அதன் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து பெருமையோடுதான் சொன்னார். அடுப்பு வேலையில் இருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்: “ஜிம்மி, அதனால் என்ன நல்லது நடந்தது?”

பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான மேடைகளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சம்பவம் இது. கேள்வியின் தொனியைக் கவனிக்க வேண்டும். அடித்தது பாவம் என்று அம்மா சொல்லவில்லை. பலன் என்ன என்று கேட்டார். லாசனின் பயிற்சி முழுக்க இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

கொரியப் போர்க் காலத்தில் சிறைக்குப் போனது ஏன்? தப்பிக்க வழியே இல்லையா?

வழி இருந்தது. ஊழியத்துக்குப் படிக்கும் மாணவருக்கு ராணுவ அழைப்பிலிருந்து விலக்கு உண்டு. 1947-லேயே பிரசங்கிப்பதற்கான உரிமமும் பெற்றிருந்தார். ஆனால் விலக்குக் கேட்பதே அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொள்வதாகும் என்று கருதி, மனுப் போடவும் ராணுவத்தில் சேரவும் மறுத்தார். கல்லூரியில் படித்தபோது ஏ.ஜே. மஸ்டி என்ற போர் எதிர்ப்பாளரின் பேச்சைக் கேட்டு, ‘ஃபெலோஷிப் ஆஃப் ரீகன்சிலியேஷன்’ என்ற அமைப்பில் சேர்ந்திருந்தார். 1951-ல் 3 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 13 மாதம் உள்ளே இருந்தபின் மெதடிஸ்ட் திருச்சபையின் பொறுப்பில் பரோலில் வெளிவந்தார்.

இந்த 13 மாதம் பின்னால் பெரிய முதலீடாக ஆயிற்று. 1960-ல் மாணவர்களிடம் “ஜெயிலுக்குப் போகலாம்” என்று சொன்னவர், ஜெயிலைப் பார்த்துவிட்டு வந்தவர்.

நாக்பூரில் என்ன செய்தார்?

1953-ல் மெதடிஸ்ட் மிஷன் ஊழியராக நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்தார். அன்றாட வேலை விளையாட்டுப் பயிற்சி: மைதானத்தில் மாணவர்களோடு கால்பந்து, கூடைப்பந்து. மூன்று ஆண்டு அங்கே இருந்தார். காந்தியின் எழுத்துகளை ஊன்றிப் படித்ததும், காந்தியோடு வேலை செய்தவர்களிடம் கேட்டறிந்ததும் அந்தக் காலத்தில்தான்.

1955 டிசம்பரில் நாக்பூர்ப் பத்திரிகை ஒன்றில் அமெரிக்கச் செய்தி ஒன்றைப் பார்த்தார். அலபாமா மாநிலம் மான்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போகிறார்கள். முன்னால் நிற்பவர் கிங் என்ற இளம் பாஸ்டர். தான் படித்துக்கொண்டிருந்தது தன் நாட்டிலேயே தொடங்கிவிட்டது என்று துள்ளிக் குதித்ததாகப் பின்னாளில் சொன்னார். 1956-ல் அமெரிக்கா திரும்பினார்.

காந்தியிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது உபவாசமோ கதரோ அல்ல, வரிசை. முதலில் விவரம் சேகரி. பிறகு எதிர்த்தரப்போடு பேசு. பேச்சு முறிந்தால் ஆளைத் தயார் செய். கடைசியாக நேரடி நடவடிக்கையில் இறங்கு. நடவடிக்கை ஓடும்போதும் பேச்சுவார்த்தைக் கதவைத் திறந்து வை. இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மெம்ஃபிஸ் உதாரணம் கீழே வருகிறது.

கிங்கை எப்போது சந்தித்தார்?

1957 பிப்ரவரி 6, ஒஹையோவின் ஓபர்லின் கல்லூரியில். இருவருக்கும் அப்போது வயது 28. லாசன், படிப்பை முடித்துவிட்டுத் தென்மாநிலங்களுக்கு வருவதாக இருக்கிறேன் என்றார். காத்திருக்காதீர்கள், இப்போதே வாருங்கள் என்றார் கிங். ஓராண்டுக்குள், 1958 ஜனவரியில், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்தார். ஒருபுறம் ஃபெலோஷிப் அமைப்பின் தென்மாநிலச் செயலாளர் வேலை. மறுபுறம் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிப்பு.

போராட எவ்வளவோ இருக்க, சிற்றுண்டி கவுன்ட்டரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

அதை லாசன் தேர்ந்தெடுக்கவில்லை. ஊர்ப் பெண்கள் தேர்ந்தெடுத்தார்கள். கெல்லி மில்லர் ஸ்மித் என்ற பாப்டிஸ்ட் பாஸ்டரின் தலைமையில் நாஷ்வில் கிறிஸ்தவத் தலைவர்கள் குழு இயங்கியது. எந்தக் கொடுமை உங்களை அன்றாடம் அதிகம் வதைக்கிறது என்று அந்தக் கூட்டங்களில் கேட்டபோது வாக்களிப்பதையோ பள்ளியையோ முதலில் சொல்லாமல், பெண்கள் கடைவீதியைச் சொன்னார்கள். நகர மையத்தின் பெரிய கடைகளில் துணி வாங்கலாம், காசு கொடுக்கலாம். ஆனால் கையில் குழந்தையோடு கால் கடுக்க நின்றாலும் உட்கார இடம் கிடையாது. கழிவறைக்குப் போக முடியாது. அதே கடையின் சிற்றுண்டி கவுன்ட்டரில் ஒரு காபி கேட்டால் “உங்களுக்குப் பரிமாறுவதில்லை” என்ற பதில்.

போராட்ட இலக்காக இதற்கு மூன்று வசதிகள். கொடுமை கண்ணுக்குத் தெரியும், விளக்கம் தேவையில்லை. முடிவெடுக்க வேண்டியவர் கடை முதலாளி. சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. மூன்றாவது, முதலாளியின் கல்லாப்பெட்டிக்குள் போராடுபவர்களின் காசும் இருக்கிறது. அதை நிறுத்தினால் அவருக்கு வலிக்கும்.

பயிற்சி உண்மையில் எப்படி நடந்தது?

1958-லேயே சில வகுப்புகள் நடந்தன. முறையான பயிற்சி 1959 இலையுதிர் காலத்தில், கிளார்க் மெமோரியல் மெதடிஸ்ட் சர்ச்சில், செவ்வாய்க்கிழமை மாலைகளில் தொடங்கியது. முதலில் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாணவர்கள். பின்னாளில் சிவில் உரிமை இயக்கத்தின் தலைவர்களான டயான் நாஷ், ஜான் லூயிஸ், ஜேம்ஸ் பெவல், பெர்னார்ட் லஃபாயெட், மேரியன் பேரி ஆகியோர் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள். ஒரே சர்ச்சின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்திலிருந்து இத்தனை பேர் கிளம்பியது வரலாற்றில் அபூர்வம்தான்.

முதல் சில வாரம் படிப்பு: இயேசுவின் மலைப்பிரசங்கம், காந்தி, அமெரிக்கச் சிந்தனையாளர் தோரோ, சீன ஞானிகள். பிறகு நாற்காலிகளை ஒரு வரிசையாகப் போட்டு அதையே கவுன்ட்டராகப் பாவித்தார்கள். சிலர் வாடிக்கையாளர்களாக உட்கார, மற்றவர்கள் வெள்ளை ரவுடிகளாகப் பின்னால் நிற்பார்கள். கெட்ட வார்த்தை, முகத்தில் சிகரெட் புகை, தலைமுடியைப் பிடித்து இழுப்பது, நாற்காலியிலிருந்து கீழே தள்ளுவது எல்லாம் நடக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு நிறுத்தி, “அந்த நொடியில் உனக்குள் என்ன ஓடியது?” என்று லாசன் கேட்பார். ஆத்திரம் வந்தது என்றால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வந்த ஆத்திரத்தைக் கைக்குப் போகவிடாமல் நிறுத்துவதுதான் பாடம்.

உடல் சார்ந்த பாடங்கள் சில:

கீழே தள்ளினால் முழங்காலை வயிற்றோடு மடக்கி, கைகளால் தலையையும் காதுகளையும் மூடிச் சுருண்டுகொள்ள வேண்டும். மண்டை, வயிறு, விலா மூன்றும் பாதுகாப்பாக இருக்கும். முதுகு அடி தாங்கும்.

முடிந்தவரை அடிப்பவனின் கண்ணைப் பார்க்க வேண்டும். முகம் பார்க்கப்படும் மனிதன், முகம் தெரியாத ஒன்றை அடிப்பதைவிடத் தயங்குவான் என்பது அனுபவக் கணக்கு.

ஒருவர் மீது பலர் பாய்ந்தால் பக்கத்தில் இருப்பவர் தன் உடலை நடுவே கொண்டுபோய் வைக்க வேண்டும். அடி பலர்மேல் பரவும். ஒருவர் உயிருக்கு ஆபத்து வராது.

இதெல்லாம் தன்னால் ஆகாது என்று தெரிந்தவருக்கும் வேலை இருந்தது. கார் ஓட்டுவது, தொலைபேசி அருகே உட்காருவது, கடைக்குள் வாடிக்கையாளர்போல நின்று நடப்பதைக் கவனித்துச் சர்ச்சுக்குத் தகவல் சொல்வது. கோபக்காரரை ஸ்டூலில் உட்கார வைப்பதுதான் இந்த முறையில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. ஒருவர் திருப்பி அடித்தால் மறுநாள் பத்திரிகையில் அந்த ஒரு படம்தான் வரும்.

மாணவர்கள் கையில் வைத்திருந்த விதிகள் எவை?

லூயிஸும் லஃபாயெட்டும் எழுதி, தட்டச்சு செய்து விநியோகித்த 10 விதிகள். கூடாதவை ஐந்து: திட்டினாலும் அடித்தாலும் பதிலுக்குத் திட்டவோ அடிக்கவோ கூடாது, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது, கடை மேற்பார்வையாளரோடு பேச்சு வளர்க்கக் கூடாது, குழுத் தலைவர் சொல்லாமல் இருக்கையை விட்டு எழக் கூடாது, கடை வாசலையோ உள்ளே நடைபாதையையோ அடைத்து நிற்கக் கூடாது. செய்ய வேண்டியவை ஐந்து: எப்போதும் மரியாதையாக இரு, நிமிர்ந்து கவுன்ட்டரைப் பார்த்தே உட்கார், பெரிய சம்பவம் எதுவானாலும் தலைவரிடம் சொல், விவரம் கேட்பவரைப் பணிவோடு தலைவரிடம் அனுப்பு, இயேசு, காந்தி, கிங் போதித்ததை நினைவில் வை.

‘சிரிக்காதே’ என்பது அற்பமாகத் தோன்றும். பயத்தில் இளைஞர்களுக்கு வரும் முதல் எதிர்வினையே சிரிப்புதான். எதிரே நிற்பவனுக்கு அது ஏளனமாகப் படும். ‘வாசலை அடைக்காதே’ என்பது சட்டக் காரணம்: வழிமறித்தால் கைது செய்யப் போலீஸுக்கு ஒரு பிரிவு கிடைத்துவிடும்.

போராட்ட நாளில் வேலை எந்த வரிசையில் நடந்தது?

முதலில் வெள்ளோட்டம். 1959 நவம்பர் 28 அன்று ஹார்வீஸ் கடைக்கும், டிசம்பர் 5 அன்று கெய்ன்-ஸ்லோன் கடைக்கும் சிறு குழுக்கள் போயின. முதலில் ஏதாவது சின்னப் பொருள் வாங்கினார்கள். காசு கொடுத்த வாடிக்கையாளர் என்பது பதிவாக வேண்டும் அல்லவா? பிறகு கவுன்ட்டரில் உட்கார்ந்து ஆர்டர் சொன்னார்கள். மறுத்ததும் மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, காரணம் என்னவென்று மரியாதையாக விசாரித்து, எழுந்து வந்துவிட்டார்கள். யார் மறுக்கிறார், என்ன வார்த்தையில் மறுக்கிறார், முடிவு யார் கையில் இருக்கிறது என்ற விவரம் கிடைத்தது.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் திடீரென்று உட்கார்ந்தது நாடு முழுக்கச் செய்தியானது. நாஷ்வில் மாணவர்கள் இனிக் காத்திருக்கத் தயாராக இல்லை. பெரியவர்கள் தயங்கினார்கள்: ஜாமீனுக்குக் குழுவின் கையிருப்பு 100 டாலர்கூட இல்லை. மாணவர்கள் கேட்கவில்லை. பிப்ரவரி 13, சனிக்கிழமை, பனி கொட்டிக் கிடந்த நாளில் 124 பேர் சர்ச்சுக்குப் போகும் நல்ல உடையில் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சர்ச்சிலிருந்து நடந்து வுல்வொர்த், கிரெஸ், மெக்லெலன்ஸ் ஆகிய மூன்று கடைகளுக்குப் போனார்கள். பரிமாற மறுத்ததும் பாடப் புத்தகத்தைத் திறந்து வீட்டுப்பாடம் செய்ய ஆரம்பித்தார்கள். அன்று அடிதடி எதுவும் இல்லை.

அடி விழுந்தது பிப்ரவரி 27 அன்று. அன்றைக்குத் தாக்குதல் வரும் என்று முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. இளைஞர் கும்பல் ஸ்டூல்களிலிருந்து மாணவர்களை இழுத்துப் போட்டு உதைத்தது. எரியும் சிகரெட்டை முதுகில் வைத்து அணைத்தது. போலீஸ் வந்து அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்டவர்களைக் கைது செய்தது. இங்கேதான் தயாரிப்பு வேலை செய்தது: ஒரு வரிசையை வேனில் ஏற்றியதும் அடுத்த வரிசை வந்து அதே ஸ்டூல்களில் உட்கார்ந்தது. அதை ஏற்றினால் அடுத்தது. அன்று 81 பேர் கைதானார்கள்.

எச்சில் துப்பியவனிடம் கைக்குட்டை கேட்டாராமே, நிஜமா?

நிஜம். நாஷ்வில் போராட்ட நாட்களில் சாலமன் கோர்ட் என்ற மாணவரைச் சிலர் கீழே தள்ளி அடித்துக்கொண்டிருந்தார்கள். லாசன் நிதானமாக நடந்து அவர்கள் நடுவே போனார். தோல் ஜாக்கெட் போட்ட இளைஞன் ஒருவன் அவர்மேல் துப்பினான். அவனைப் பார்த்து, கைக்குட்டை இருக்கிறதா என்று கேட்டார் லாசன். குழம்பிப்போன அவன் அனிச்சையாக எடுத்துக் கொடுத்துவிட்டான். துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தவர், ஜாக்கெட்டைப் பார்த்து, உன்னிடம் இருப்பது மோட்டார் சைக்கிளா, வேகக் காரா என்று விசாரித்தார். மோட்டார் சைக்கிள் என்றான். எஞ்சினில் என்னென்ன மாற்றம் செய்திருக்கிறான் என்று பேச்சு நீண்டது. அதற்குள் கோர்ட் எழுந்து வரிசைக்குத் திரும்பிவிட்டார்.

புண்ணியவான் கதையாக இதைச் சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு இது வேறு மாதிரிப் படுகிறது. அடிப்பவன் மனத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் காட்சியில் இரண்டு முடிவுதான்: எதிராளி ஓடுவான், அல்லது அடிப்பான். மூன்றாவதாக ஒன்றைச் செய்தால் அவனுக்கு அடுத்த வசனம் தெரியாது. அந்த அரை நிமிடத்தில் அடிபட்டவரை எழுப்பிவிடலாம்.

அபராதம் கட்டாமல் ஜெயிலுக்குப் போனது ஏன்?

நீதிமன்றம் தலைக்கு 50 டாலர் அபராதம் போட்டது. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று டயான் நாஷ் மறுத்தார், மற்றவர்களும் தொடர்ந்தார்கள். இதில் பணக் கணக்கும் உண்டு. 81 பேருக்கு 50 டாலர் வீதம் 4,050 டாலர். ஒரே சனிக்கிழமையில் இயக்கம் திவாலாகியிருக்கும். கட்டாவிட்டால் சுமை நகராட்சியின் தலையில்: சாப்பாடு, இடம், காவல், ஊர் முழுக்கப் பேச்சு. சில நாட்களில் மேயரே அவர்களை விடுவித்து, இரு இனத்தவரும் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவரை ஏன் வெளியேற்றியது?

சட்டத்தை மீறும்படி மாணவர்களைத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. நாஷ்வில் பேனர் என்ற நாளிதழ் அவரைக் குறிவைத்து எழுதியது. அதன் அதிபர் ஜேம்ஸ் ஸ்டால்மன் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவிலும் இருந்தார். 1960 மார்ச் 3 அன்று வெளியேற்றினார்கள். பட்டம் பெறச் சில மாதங்களே இருந்தன. மறுநாள் சர்ச்சில் வைத்துக் கைது. ஜாமீன் கட்டியது அவருடைய இறையியல் துறை ஆசிரியர்கள். மீண்டும் சேர்த்துக்கொள்ள நிர்வாகம் மறுத்ததால் துறைத் தலைவரும் பெரும்பாலான ஆசிரியர்களும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். நெருக்கடி முற்றியபின் நிர்வாகம் இறங்கிவந்தது. லாசன் அதற்குள் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு மாறி, அதே ஆண்டில் பட்டம் பெற்றுவிட்டார்.

வாண்டர்பில்ட் பின்னாளில் அவரைச் சிறந்த முன்னாள் மாணவராகக் கௌரவித்தது. 2006-ல் வருகைப் பேராசிரியராகவும் அழைத்தது. அவர் போய்ப் பாடம் நடத்தினார். தன் ஆவணங்களையும் அங்கேயே கொடுத்தார்.

நாஷ்வில் கடைகள் கடைசியில் எப்படி இறங்கிவந்தன?

புறக்கணிப்பும் ஒரு குண்டுவெடிப்பும். ஈஸ்டர் பண்டிகை துணிக்கடைகளுக்கு நம் தீபாவளி மாதிரி. அந்த ஈஸ்டருக்குக் கறுப்பின மக்கள் நகர மையக் கடைகளில் எதுவும் வாங்கவில்லை. கலவரம் நடக்குமோ என்று வெள்ளை வாடிக்கையாளர்களும் அந்தப் பக்கம் வருவதைக் குறைத்தார்கள். நடுவில் மேயரின் குழு ஒரு சமரசம் சொன்னது: கவுன்ட்டரில் ஒரு பகுதியை எல்லோருக்கும் திறந்துவிட்டு, மறு பகுதியை வெள்ளையர்களுக்கே வைப்பது. பிரிவினை கவுன்ட்டருக்குள்ளேயே வந்துவிடும் என்று மாணவர்கள் நிராகரித்தார்கள்.

ஏப்ரல் 19 விடியற்காலையில், மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் டைனமைட் வீசப்பட்டது. வீட்டின் முன்பக்கம் நொறுங்கியது. எதிரே இருந்த மெஹாரி மருத்துவக் கல்லூரியின் கண்ணாடிகள் சிதறின. பின்னறையில் தூங்கியதால் லூபியும் மனைவியும் பிழைத்தார்கள். அன்று பகலில் சில ஆயிரம் பேர் ஒரு சொல்லும் பேசாமல் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். செருப்புச் சத்தம் மட்டும்தான். படிக்கட்டில் மேயர் பென் வெஸ்டிடம் டயான் நாஷ் நேருக்கு நேர் கேட்டார்: நிறத்தை வைத்து ஒருவரை ஒதுக்குவது தவறு என்று கருதுகிறீர்களா? ஆம் என்றார் மேயர். மறுநாள் தலைப்புச் செய்தி அதுதான்.

1960 மே 10 அன்று ஆறு கடைகள் கவுன்ட்டரைத் திறந்தன. அதைச் செய்த விதமும் கவனிக்க வேண்டியது. முதல் நாட்களில் தேர்ந்தெடுத்த சிறு குழுக்கள் மட்டும், கடைக்கு முன்பே தெரிந்த நேரத்தில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தன. ஊழியர்களுக்கு முன்னரே சொல்லி வைத்தார்கள். பரபரப்பாக்க வேண்டாம் என்று பத்திரிகைகளிடம் கேட்டுக்கொண்டார்கள். வெற்றி ஊர்வலம் கிடையாது. முதலாளி முகம் கோணாமல் பின்வாங்க வழி விட்டார்கள். அதனால் மறுபடி மூடவில்லை.

மாணவர் அமைப்பு உருவானதில் அவர் பங்கு என்ன?

1960 ஏப்ரல் 15 முதல் 17 வரை ராலே நகரின் ஷா பல்கலைக்கழகத்தில் எல்லா பேக்கர் (Ella Baker) என்ற பெண் தலைவர் கூட்டிய மாநாட்டில் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. அதன் கொள்கை அறிக்கையை வரைந்தவர் லாசன். அங்கே பேசும்போது, நீதிமன்றத்தையே நம்பியிருந்த என்.ஏ.ஏ.சி.பி. என்ற மூத்த கறுப்பின உரிமை அமைப்பின் நிதானத்தைக் கடுமையாக விமர்சித்தார். பகையும் சம்பாதித்தார். 1961 மே மாதம் மான்ட்கோமரியிலிருந்து மிசிசிப்பியின் ஜாக்சனுக்கு, பஸ் பயணத்தில் இனப் பிரிவினையை எதிர்த்துக் கிளம்பிய ‘சுதந்திரப் பயண’ பஸ்ஸில் ஏறி, அங்கே கைதானார்.

மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர் என்ன செய்தார்?

1962 முதல் 1974 வரை மெம்ஃபிஸின் செண்டனரி மெதடிஸ்ட் சர்ச்சின் பாஸ்டர் அவர். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்கக் குப்பை லாரியின் பின்புறம் ஏறி நின்ற எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு தொழிலாளர்களை அதன் அமுக்கும் எந்திரம் நசுக்கிக் கொன்றது. பழைய லாரி. பிப்ரவரி 12 முதல் சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. ஓட்டை விழுந்த தொட்டிகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து, குப்பை நீர் உடம்பில் ஒழுக வேலை செய்தவர்கள். முழுநேரம் உழைத்தும் அரசு உதவியை நாடும் அளவுக்குத்தான் கூலி. கோரிக்கை: சங்க அங்கீகாரம், சம்பளத்திலேயே சந்தா பிடித்தம், கூலி உயர்வு. மேயர் ஹென்றி லோப், அரசு ஊழியர் வேலைநிறுத்தமே சட்டவிரோதம் என்று பிடிவாதமாக நின்றார்.

பிப்ரவரி 23 அன்று அமைதியாக ஊர்வலம் போனவர்கள் முகத்தில் போலீஸ் ரசாயனப் புகை அடித்தது. பாஸ்டர்களும் அதில் சிக்கினார்கள். மறுநாளே பாஸ்டர்கள் கூடி ஒரு குழு அமைத்து, லாசனைத் தலைவராக்கினார்கள். தினசரி ஊர்வலம், இரவுக் கூட்டம், காணிக்கை வசூலித்து வேலையிழந்த குடும்பங்களுக்குச் சாப்பாடும் வாடகையும், நகர மையக் கடைகளையும் இரு நாளிதழ்களையும் லோப் குடும்பப் பெயரில் இருந்த கடைகளையும் புறக்கணித்தல் எல்லாம் அந்தக் குழுவின் வேலை. தொழிலாளர்கள் மாட்டிக்கொண்ட அட்டையில் இருந்தது ‘நான் ஒரு மனிதன்’ என்ற ஒரே வரி. மனிதனை மனிதனாக எண்ணாததுதான் இனவெறியின் மையம் என்று லாசன் அந்த நாட்களில் பேசிவந்தார்.

மார்ச் 28 ஊர்வலம் ஏன் கெட்டது?

லாசன் அழைத்துத்தான் கிங் மெம்ஃபிஸ் வந்தார். மார்ச் 18 கூட்டத்தின் வரவேற்பைப் பார்த்து, ஒருநாள் பொது வேலைநிறுத்தமும் ஊர்வலமும் மார்ச் 22-ல் என்று முடிவானது. அன்று பார்த்து ஓர் அடிக்கும் மேல் பனி. தள்ளிப்போட்டு 28-ஆம் தேதி வைத்தார்கள்.

கெட்டதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. கிங்கின் விமானம் தாமதமானது. காத்திருந்த கூட்டம் பொறுமை இழந்தது. பள்ளியை விட்டு வந்த ஆயிரக்கணக்கான மாணவர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கள். அவர்களைக் கட்டுப்படுத்தும் தொண்டர்கள் போதவில்லை. எல்லாவற்றையும்விட ஒரு சின்ன விஷயம்: அட்டைகளை மரக் குச்சிகளில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். பீல் தெருவில் ஊர்வலத்தின் பின்பகுதியில் சிலர் அட்டையைக் கிழித்துப் போட்டு, குச்சியால் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்களுக்குச் சத்தம்தான் கேட்டது.

லாசன் ஒலிபெருக்கியை எடுத்து, ஊர்வலத்தை நிறுத்தி, எல்லோரையும் கிளேபோர்ன் டெம்பிள் சர்ச்சுக்குத் திரும்பச் சொன்னார். கிங்கை அங்கிருந்து அகற்ற ஏற்பாடு செய்தார். ஆனாலும் போலீஸ் சர்ச் வரை விரட்டிவந்து கண்ணீர்ப்புகை வீசியது. லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

மறுநாளே தொழிலாளர்கள் மீண்டும் ஊர்வலம் போனார்கள். பீல் தெருவில் துப்பாக்கிக் கத்திகளுக்கும் கவச வண்டிகளுக்கும் நடுவே அவர்கள் நடக்கும் புகைப்படம் புகழ்பெற்றது. அதில் அட்டைகளைப் பாருங்கள்: குச்சி இல்லை, கழுத்தில் தொங்குகின்றன.

கிங்கின் கடைசி உரையில் லாசன் பெயர் வருகிறதா?

வருகிறது. ஏப்ரல் 3 இரவு மேசன் டெம்பிளில் பேசியபோது, லாசன் இந்தப் போராட்டத்துக்காகச் சிறை சென்றவர், வாண்டர்பில்ட்டிலிருந்து துரத்தப்பட்டவர், இன்னும் போராடிக்கொண்டிருப்பவர் என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். மறுநாள் மாலை லொரைன் மோட்டலில் கிங் சுடப்பட்டார். லாசன் வானொலி வழியே மெம்ஃபிஸ் மக்களை அமைதி காக்கச் சொன்னார். ஏப்ரல் 8 அன்று கிங்கின் மனைவி கொரெட்டா முன்னே நடக்க, பல்லாயிரம் பேர் மௌனமாகப் போன ஊர்வலத்தில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஏப்ரல் 16-ல் ஒப்பந்தம் வந்தது: சங்க அங்கீகாரம், கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வழியாகச் சந்தா பிடித்தம், மணிக்கு 10 சென்ட் உயர்வு மே 1 முதல், இன்னொரு 5 சென்ட் செப்டம்பர் 1 முதல்.

கிங்கைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவருக்கு இவரே திருமணம் செய்து வைத்தாரா?

ஆம். ஜேம்ஸ் எர்ல் ரேயைச் சிறையில் சந்தித்துவந்தார். 1978-ல் சிறையிலேயே அவர் திருமணத்தை நடத்தி வைத்தார். கொலையை ரே செய்யவில்லை என்பது லாசனின் நம்பிக்கை. நீதிமன்ற முடிவு அப்படி இல்லை. ஆனால் ரேயைக் குற்றவாளி என்று நம்பியிருந்தாலும் அவர் சிறைக்குப் போயிருப்பார் என்றே நினைக்கிறோம். பாஸ்டருக்கு அது வேலை.

லாஸ் ஏஞ்சலஸில் என்ன செய்தார்?

1974 முதல் 1999 வரை ஹோல்மன் யுனைடெட் மெதடிஸ்ட் சர்ச்சின் பாஸ்டர். ஹோட்டல் தொழிலாளர், அலுவலகத் துப்புரவாளர் சங்கங்களுக்கு அதே பழைய பயிற்சியைக் கொடுத்தார். அவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த குடியேறிகள். கூலிப் போராட்டத்துக்குச் சமயத் தலைவர்களைத் திரட்டும் அமைப்பு ஒன்றை 1996-ல் உருவாக்கியவர்களில் ஒருவர். அமெரிக்கப் பொருளாதாரத்தை ‘தோட்ட முதலாளித்துவம்’ என்று அழைத்தார்: அடிமைத் தோட்டத்தின் கணக்கு இன்னும் மாறவில்லை என்ற பொருளில்.

அவரைப் பற்றி அடிக்கடி தவறாக எழுதப்படுபவை எவை?

காந்தியிடம் நேரில் பயின்றார் என்பது முதல் தவறு. காந்தி கொல்லப்பட்டது 1948 ஜனவரி 30. லாசன் நாக்பூருக்கு வந்தது 1953. கிரீன்ஸ்பரோவைப் பார்த்து நாஷ்வில் தொடங்கியது என்பது இரண்டாவது. நாஷ்வில் வெள்ளோட்டம் அதற்கு இரண்டு மாதம் முந்தியது. கிங்கைப் போலவே இவரையும் பாப்டிஸ்ட் என்று எழுதிவிடுகிறார்கள், மெதடிஸ்ட். நாஷ்வில் கவுன்ட்டர்களில் உட்கார்ந்து கைதானவர் என்பது இன்னொன்று. பிப்ரவரி 27 அன்று கைதான 81 பேரில் அவர் இல்லை. அவரைக் கைது செய்தது ஒரு வாரம் கழித்து, சர்ச்சில்.